ஃப்ளாப்பி முதல் 'ஆப்ட்' வரை: லினக்ஸில் மென்பொருள் நிறுவிய கதை

மலர்க் குழுவிலிருந்து போன மாதம் ஃபோன் வந்தது. "அந்தக் காலத்திலேயே லேபில் உட்கார்ந்துகொண்டு லினக்ஸ், லினக்ஸ் என்று எங்கள் உயிரை வாங்கினாயே, அதைப் பற்றியே நாலு பக்கம் எழுதிக் கொடு" என்றார் நண்பர். சரி என்று சொல்லி ஃபோனை வைத்த பிறகுதான் நெஞ்சில் சுருக்கென்றது. லினக்ஸைப் பற்றி எழுதினால், 1999-ல் நம் லேபின் கடைசி வரிசை மெஷின் ஒரே இரவில் படுத்துவிட்ட கதையையும் எழுத வேண்டுமே! அதைச் செய்தது யார் என்று இன்றுவரை யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கட்டுரையின் நடுவில் நானே சொல்லிவிடுகிறேன்.

போன முறை நம் கூட்டத்துக்கு வந்திருந்தபோது, இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், விண்டோஸ்ல நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்னு அழுத்தினா முடிஞ்சுது. லினக்ஸ்ல புதுசா ஒரு சாஃப்ட்வேர் போடணும்னா எங்கேயிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை சார்." அவர் கேள்விக்குப் பதில் ஒரே ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரி வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. அது தெரிந்தால் அந்த வரியை நாம் தப்பாக அடிக்க மாட்டோம். ஆகவே அந்தத் தம்பிக்குச் சொல்வதாகவே இதை எழுதுகிறேன்.

வெறும் எஞ்சின் வந்த காலம்

1991 ஆகஸ்ட் 25-ம் தேதி, ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக உலகுக்கு அறிவித்தார். அடுத்த மாதமே 0.01 என்ற முதல் பதிப்பு வெளியாயிற்று. நம்மில் பலர் நினைப்பதுபோல் அன்றைக்கே 'லினக்ஸ்' முழுசாக வந்துவிடவில்லை. வந்தது கெர்னல் மட்டும்தான். பஸ்ஸுக்கு எஞ்சின் மாதிரி. ஸீட், சக்கரம், கண்ணாடி எல்லாம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும். நல்லவேளையாக, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த 'க்னூ' திட்டம் அதற்குள் கம்பைலர், ஷெல், எடிட்டர் என்று பல பாகங்களைச் செய்து வைத்திருந்தது.

எஞ்சினையும் பாகங்களையும் சேர்த்துப் பூட்டுவது யார்? உபயோகிப்பவர்தான்! ஆரம்ப நாட்களில் லினக்ஸ் 'நிறுவுவது' என்றால், ஒரு ஃப்ளாப்பியில் பூட் செய்து, இன்னொரு ஃப்ளாப்பியில் அடிப்படைக் கருவிகளை ஏற்றி, மற்றதை ஒவ்வொன்றாகத் தேடிக் கட்டுவது. சாமானியர்களால் ஆகிற காரியம் இல்லை.

1992-ல் பீட்டர் மெக்டொனால்டு என்பவர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து 'எஸ்.எல்.எஸ்.' என்ற தொகுப்பை வெளியிட்டார். மக்கள் ஆவலோடு எடுத்துக்கொண்டார்கள். அதில் குறைகளும் ஏராளம். அந்தக் குறைகளைப் பார்த்து எரிச்சலடைந்தவர்களில் இரண்டு மாணவர்கள் முக்கியமானவர்கள். ஒருவர் பேட்ரிக் வோல்கர்டிங். எஸ்.எல்.எஸ்.ஸைத் திருத்தி 1993 ஜூலையில் 'ஸ்லாக்வேர்' என்று வெளியிட்டார். மற்றவர் இயன் முர்டாக். அவர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

ஸ்லாக்வேரின் முதல் பதிப்பு 24 ஃப்ளாப்பிகள். ஒன்று 1.44 எம்.பி. வீதம் மொத்தமே சுமார் 35 எம்.பி. இன்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கல்யாண வீடியோ அதைவிடப் பெரிசாக வருகிறது! 'ஏ' வரிசை அடிப்படை, 'டி' வரிசை நிரல் எழுதும் கருவிகள், 'என்' வரிசை நெட்வொர்க், 'எக்ஸ்' வரிசை ஜன்னல் திரை என்று வரிசை வரிசையாக ஃப்ளாப்பி போட வேண்டும். இருபத்து மூன்று நன்றாக ஓடி இருபத்து நான்காவது 'ரீட் எரர்' என்று பல்லைக் காட்டினால், அந்த வேதனையைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்று மந்திரங்கள்

தொகுப்பில் இல்லாத மென்பொருள் வேண்டும் என்றால்? மூலநிரலை, அதாவது எழுதியவர் எழுதிய நிரலையே, ஒரு சுருக்கிய கோப்பாக வாங்கி விரித்து, நம் மெஷினிலேயே கம்பைல் செய்ய வேண்டும். அதற்கு மூன்று மந்திரங்கள்: 'கான்ஃபிகர்', 'மேக்', 'மேக் இன்ஸ்டால்'.

இவை லினக்ஸுக்காகப் பிறந்தவை அல்ல. 'மேக்' 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. எந்தக் கோப்பு மாறியிருக்கிறதோ அதை மட்டும் திரும்பக் கம்பைல் செய்வது அதன் வேலை. 'கான்ஃபிகர்' என்பதை உண்டாக்கித் தரும் 'ஆட்டோகான்ஃப்' 1991-ல் டேவிட் மெக்கென்ஸி தொடங்கியது. யூனிக்ஸ் வகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்ததால், "உன் மெஷினில் இது இருக்கிறதா, அது இருக்கிறதா" என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துக்கொண்டு போவதற்கு ஏற்பட்டது அது. திரையில் 'செக்கிங்... யெஸ்', 'செக்கிங்... யெஸ்' என்று ஓடிக்கொண்டே வரும். கடைசியில் ஒரு 'நோ' வரும். அன்றைய வேலை அதோடு சரி!

அந்த 'நோ' தான் விஷயமே. ஒரு மென்பொருள் தனியாக நிற்பதில்லை. படம் திறக்க ஒரு லைப்ரரி, எழுத்துக் காட்ட ஒரு லைப்ரரி, எல்லாவற்றுக்கும் அடியில் 'லிப்சி' என்ற சி லைப்ரரி. இதைத்தான் 'டிபென்டென்சி' என்கிறோம். 'அ' வேண்டுமென்றால் 'ஆ' வேண்டும், 'ஆ'வுக்கு 'இ' வேண்டும். 'இ'யைத் தேடிக் கொண்டுவந்தால் அது வேறு பதிப்பு. அந்தக் காலத்து ஆட்கள் இதற்கு 'டிபென்டென்சி நரகம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. நிறுவிய மென்பொருளை எடுக்க வேண்டும் என்றால், எந்தெந்தக் கோப்பு எங்கெங்கே போய் உட்கார்ந்தது என்று யாருக்கும் கணக்குத் தெரியாது.

பொட்டலம் கட்டியவர்கள்

இப்போது இயன் முர்டாக்குக்கு வருவோம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர். 1993 ஆகஸ்ட் 16-ல் 'டெபியன்' என்ற திட்டத்தை அறிவித்தார். தன் தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. அவருடைய யோசனை எளிமையானது: ஒரே ஆள் எல்லாவற்றையும் கட்டினால் குறைகள் வரத்தான் செய்யும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளட்டும். அவரே கம்பைல் செய்து, இதற்கு எது எது தேவை என்று மேலே சீட்டு ஒட்டி, பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கட்டும். அந்தப் பொட்டலம்தான் 'பேக்கேஜ்'. கட்டுபவர் 'மெயின்டெய்னர்'. பெரும்பாலும் சம்பளம் கிடையாது.

1995-ல் ரெட் ஹேட்காரர்கள் 'ஆர்.பி.எம்.' என்ற தங்கள் பொட்டல முறையைக் கொண்டுவந்தார்கள். எரிக் ட்ரோன், மார்க் யூயிங் இருவரும் எழுதியது. 1996 ஜூனில் வந்த டெபியன் 1.1-ல் 474 பேக்கேஜ்கள் இருந்தன. இனி நிறுவுவதும் எடுப்பதும் ஒரு கட்டளையில் முடியும். எந்தக் கோப்பு எதனுடையது என்ற கணக்கு மெஷினிலேயே இருக்கும்.

ஆனாலும் பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. பொட்டலத்தின் மேல் "எனக்கு இன்னது வேண்டும்" என்று சீட்டு ஒட்டியிருக்கும். ஆர்.பி.எம். அதைப் படித்து, "இது இல்லை, நிறுவ மாட்டேன்" என்று சொல்லும். போய்க் கொண்டுவருவது நம் தலையெழுத்து. 1999-ல் நான் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

நம்ம ஊருக்கு வந்தது எப்படி?

இந்தியாவில் வி.எஸ்.என்.எல். இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஆனால் மோடம் போட்டு டயல் செய்து முழு லினக்ஸை இறக்குவது என்பது காவிரியை டம்ளரால் மொண்டு கொண்டுவருகிற மாதிரி. நம் நாட்டில் லினக்ஸ் பரவியதற்கு முக்கிய காரணம் பத்திரிகை சி.டி.க்கள் என்றால் மிகையாகாது. 'பி.சி. குவெஸ்ட்' இதழ் 1996 முதல் லினக்ஸை சி.டி.யில் போட்டு வாசகர்களுக்குக் கொடுத்தது. அதன் பின்னணியில் நின்றவர் பெங்களூரின் அதுல் சிட்னிஸ். 2013-ல் காலமாகிவிட்டார். ஒரு சி.டி.யை இருபது பேர் வாங்கிப் போய், கீறல் விழும்வரை சுற்றிவிட்டுக் கொடுத்த காலம் அது. சென்னையிலும் 1990-களின் கடைசியில் லினக்ஸ் பயனர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

நம் லேபுக்கும் அப்படி ஒரு சி.டி. வந்தது. கடைசி வரிசை மெஷினில் ரெட் ஹேட் 5.2 போட்டார்கள். அதன் ஃப்ளாப்பி டிரைவ் ரிப்பேர் என்பதால் யாரும் சீந்தாத மெஷின். எனக்கும், எம்.சி.ஏ. இறுதியாண்டு படித்த ஒரு அக்காவுக்கும்தான் அது சொர்க்கம். பகலில் அவர், இரவில் நான். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் என் மேல் நம்பிக்கை வைத்து ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தார். "ஜாக்கிரதை தம்பி, இதை வெச்சுக்கிட்டு என்ன வேணா பண்ணலாம். என்ன வேணா பண்ணிடாதே" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அந்த இரவு

1999 செப்டம்பர். டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்குப் போஸ்டர் வேண்டும். 'கிம்ப்' என்ற படம் வரையும் மென்பொருள் பற்றிப் படித்திருந்தேன். பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் எழுதியது. 1998 ஜூனில் அதன் 1.0 வந்தது. "மாணவர்கள் எழுதியதில் மாணவர்கள் போஸ்டர் செய்வோம்" என்று வீறாப்பாகக் கிளம்பினேன். நண்பன் ஒருவன் கொண்டுவந்த புது சி.டி.யில் அதன் ஆர்.பி.எம். இருந்தது.

போட்டேன். "டிபென்டென்சி இல்லை" என்றது. அந்தப் பொட்டலம் ரெட் ஹேட் 6.0-க்காகக் கட்டியது. அதற்கு லிப்சி 2.1 வேண்டும். எங்கள் மெஷினில் இருந்தது 2.0. மெஷின் தெளிவாகத்தான் சொல்லிற்று. எனக்குத்தான் கேட்கப் பொறுமை இல்லை. 'நோடெப்ஸ்', 'ஃபோர்ஸ்' என்று இரண்டு வார்த்தை சேர்த்து அடித்தால் கேள்வி கேட்காமல் போட்டுவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். அடித்தேன். போட்டுவிட்டது. ஆனால் கிம்ப் ஓடவில்லை. "லிப்சி 2.1 எங்கே?" என்று மறுபடி அதே பாட்டு.

இரவு பதினோரு மணி. 'லிப்சிதானே வேண்டும், கொடுத்துவிடுகிறேன்' என்று ரூட்டாக நுழைந்து, பழைய லிப்சியை நகர்த்தி வைத்துவிட்டு, புதியதை அந்த இடத்தில் காப்பி செய்யப் போனேன்.

காப்பி செய்யும் கட்டளை ஓடுவதற்கே அந்த லிப்சி வேண்டும்!

கோப்புகளைப் பார்க்கும் 'எல்எஸ்' ஓடவில்லை. நகர்த்தியதைத் திரும்ப நகர்த்தலாம் என்றால் 'எம்வி'யும் ஓடவில்லை. நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டிய கதை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஷெல் மட்டும் உயிரோடு இருந்தது. நான் என்ன அடித்தாலும் "முடியாது" என்று அது மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் பயந்துபோய் ரீபூட் செய்தேன். அதோடு அதுவும் போச்சு.

பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன்: லிப்சியே இல்லாமல் ஓடக்கூடிய 'எஸ்எல்என்' என்ற சின்னக் கட்டளை, இப்படிப்பட்ட சமயத்துக்கென்றே, அந்த மெஷினிலேயே இருந்தது. ரீபூட் செய்யாமல் ஒரே ஒரு வரி அடித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அதை விடுங்கள், ஹார்ட் டிஸ்கைக் கழற்றி இன்னொரு லினக்ஸ் மெஷினில் மாட்டியிருந்தால்கூட உள்ளே இருந்த கோப்புகள் எல்லாம் பத்திரமாகக் கிடைத்திருக்கும். ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லையே! விளக்கை அணைத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்ப் போர்த்திப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பிராக்டிகல். மெஷின் வேண்டும். என்ன ஆயிற்று என்று தெரியாமல் டிஸ்கை ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டுவிட்டார்கள். அக்கா மூன்று வாரமாக எழுதிய சி நிரல் முழுவதும் அதில் இருந்தது. ஃப்ளாப்பி டிரைவ் ரிப்பேர் என்பதால் நகலும் எடுத்து வைக்கவில்லை. அவரிடம் இருந்தது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எடுத்த ஒரு பழைய பிரிண்ட்-அவுட். அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்து திரும்ப டைப் அடித்தார். ஒருவரையும் குறை சொல்லவில்லை. நான் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஹெச்.ஓ.டி. விசாரித்தபோது அசிஸ்டென்ட் அண்ணன், "ராத்திரி கரண்ட் போச்சு சார், அதுல போயிருக்கும்" என்றார். அன்று ராத்திரி கரண்ட் போகவே இல்லை.

போஸ்டரைப் போஸ்டர் கலர் வாங்கிக் கையாலேயே வரைந்தோம்.

ஒரு வரி வந்தது

வேடிக்கை என்னவென்றால், என் வியாதிக்கு மருந்து அந்த வருஷமே வந்திருந்தது. 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1-ல் 'ஆப்ட்' முதன்முதலாக முறைப்படி இடம்பெற்றது. ஒரு பேக்கேஜைக் கேட்டால், அதன் மேல் ஒட்டிய சீட்டைப் படித்து, அதற்கு வேண்டியது, அதற்கும் வேண்டியது என்று எல்லாவற்றையும் ஒரே களஞ்சியத்திலிருந்து, ஒன்றோடொன்று பொருந்துகிற பதிப்பாகப் பார்த்து, தானே கொண்டுவந்து சேர்க்கும். ரெட் ஹேட் குடும்பத்துக்கும் பிற்பாடு 'யம்' வந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் சேத் விடால் முன்னின்று வளர்த்தது. ஃபெடோராவில் 2015 முதல் அதன் இடத்தில் 'டிஎன்எஃப்' இருக்கிறது.

2004 அக்டோபரில் டெபியனை அடியாகக் கொண்டு உபுண்டு வந்தது. முகவரி கொடுத்தால் இலவசமாக சி.டி. அனுப்பினார்கள். 2007-ல் சென்னை சி-டாக் மையத்திலிருந்து வந்த 'பாஸ்' லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' ஸும் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்களோ! அன்று 474 பேக்கேஜோடு இருந்த டெபியன், 2025 ஆகஸ்டில் வந்த 13-ம் பதிப்பில் சுமார் 70,000 பேக்கேஜ்களை எட்டிவிட்டது. அதைத் தொடங்கிவைத்த இயன் முர்டாக் 2015-ல், 42 வயதிலேயே மறைந்தார்.

தம்பி தங்கைகளுக்கு

இனி அந்த ஒரு வரி. உபுண்டு, மின்ட், டெபியன் எதுவானாலும் டெர்மினலைத் திறந்து முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்று அடியுங்கள். களஞ்சியத்தின் பட்டியல் புதுப்பிக்கப்படும். பிறகு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கிம்ப்'. அவ்வளவுதான்! எனக்கு ஒரு மெஷினைப் பலி வாங்கிய அதே கிம்ப், உங்களுக்கு இரண்டு நிமிஷத்தில் வந்துவிடும். வேண்டாம் என்றால் 'ரிமூவ்'. டெர்மினல் பிடிக்கவில்லையா, மென்பொருள் கடை மாதிரி ஒரு ஜன்னல் இருக்கிறது, அதில் தேடி அழுத்துங்கள். கூகுளில் தேடி ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்குவதை மட்டும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 'யெஸ்' சொல்வதற்கு முன் திரையில் இருப்பதைப் படியுங்கள். 2021-ல் கனடாவின் பிரபல வீடியோக்காரர் லைனஸ் செபாஸ்டியன், 'பாப் ஓஎஸ்' என்ற லினக்ஸில் விளையாட்டுகளுக்கான 'ஸ்டீம்' மென்பொருளை நிறுவப் போனார். பேக்கேஜில் இருந்த ஒரு குளறுபடியால், "டெஸ்க்டாப்பையே எடுத்துவிடுவேன், சம்மதமா?" என்று ஆப்ட் கேட்டது. "ஆமாம், சொன்னதைச் செய்" என்று டைப் அடித்தால்தான் விடும். அடித்தார். டெஸ்க்டாப் போச்சு! பிற்பாடு ஆப்ட் எழுதுபவர்கள் அப்படி டைப் அடித்துத் தாண்டும் வழியையே அடைத்தார்கள். நான் 1999-ல் செய்ததைத்தான் அவர் 2021-ல் செய்தார். மெஷின் இரண்டு தடவையும் எச்சரித்தது.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சின்ன மென்பொருள் உலகத்து லினக்ஸ் மெஷின்களில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. அதைப் பல வருஷமாகச் சம்பளமில்லாமல் பராமரித்தவர் ஒரே ஒருவர். களைத்துப்போயிருந்த அவருக்கு உதவுகிறேன் என்று வந்த ஒரு ஆசாமி, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024-ல் அதற்குள் ஒரு கள்ளக்கதவை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், லாகின் ஆவதற்கு அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டி, 2024 மார்ச் 29-ல் அதை வெளிப்படுத்தினார். அது சோதனைப் பதிப்புகளைத் தாண்டிப் பெருவாரியாகப் பரவுமுன் தடுக்கப்பட்டது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நீங்கள் அடிக்கும் அந்த ஒரு வரி சுலபமானது, யாரோ ஒருவர் உங்களுக்காக அந்தக் கஷ்டத்தைப் பட்டுவிட்டதால்தான். அந்த ஆட்கள் களைத்துப்போனால் நமக்கெல்லாம் ஆபத்து. எடுத்துக்கொள்வதோடு நிற்காதீர்கள். படிப்பு முடியுமுன் ஒரே ஒரு பேக்கேஜுக்காவது ஏதாவது செய்யுங்கள். ஒரு பிழையைச் சரியாக எழுதி அனுப்பினாலும் போதும், ஒரு உதவிப் பக்கத்தைத் தமிழில் பெயர்த்தாலும் போதும். தப்பு நடந்துவிட்டால் உடனே ஒருவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலான தப்புகளை அந்த நிமிஷத்தில் ஒரு வரியில் சரி செய்துவிடலாம். மறைத்தால்தான் டிஸ்க் ஃபார்மட் ஆகிறது.

கடைசியாக, அந்த எம்.சி.ஏ. அக்காவுக்கு: இந்த மலர் உங்கள் கைக்கு வந்தால், அந்த ஒன்பது நாளுக்கு என்னை மன்னித்துவிடுங்கள். லேப் அண்ணனுக்கு: இந்த முறை கூட்டத்துக்குக் கட்டாயம் வந்துவிடுங்கள். அன்று ராத்திரி கரண்ட் போகவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!

— கணினி அறிவியல், 1997–2001 அணி